டெய்லர் எறிந்த ஈட்டி

"என் வாசப்படியில கால வச்சுப் பாருய்யா, இந்தக் கத்தி உன் நெஞ்சுல நிக்கும்" என்று கறிக்கடைக்காரர் போட்ட சத்தத்தில், மதில் மேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை இறங்கிப் போய்விட்டது.

விஷயம் பெரிதில்லை. அவர் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் மதிலில் உள்ள பொந்து வழியே போய், பக்கத்து வீட்டு டெய்லரின் பின்வாசலில் தேங்குகிறது. ஏழு வருஷமாகத் தேங்குகிறது, ஏழு வருஷமாகச் சண்டை. அன்றைக்குப் பார்த்து, தீட்டுவதற்காகக் கடையிலிருந்து கொண்டுவந்த கத்தியும் கையிலேயே இருந்து தொலைத்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் டெய்லர் இரண்டடி பின்னால் போனார். ஊதினால் பறக்கிற உடம்பு.

"தண்ணிய விடுங்கண்ணே. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நான் உங்க வீட்டுக்கு வந்தே ஆகணும்."

"வா. வந்துதான் பாரேன்."

"வர்றேன். வராம முடியாது."

குரல் நடுங்கியது. கோபம் தலைக்கேறினால் சிலருக்கு அப்படித்தான்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ வந்த கறிக்கடைக்காரர், மதில் பொந்தில் கண்ணை வைத்தார். அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது தப்பு என்கிறவர்கள் எல்லாம் பொந்து இல்லாத மதில் வைத்திருப்பவர்கள்.

டெய்லர் ஒரு கத்தியோடு உட்கார்ந்திருந்தார். மலையேறப் போனபோது அவர் மகன் வாங்கிய கத்தி. கைப்பிடி உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருக்கும். அடிமூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த தீக்குச்சி, தூண்டில் முள், மீன்பிடி நரம்பு எல்லாவற்றையும் கீழே கொட்டினார். ஒட்டடைக் கம்பின் நுனியைச் சீவி அந்தக் குழாய்க்குள் சொருகினார். கம்பின் அடியைத் தரையில் நாலு தட்டுத் தட்டி இறுக்கி, மெழுகு தடவிய நூலால் வரிந்து கட்டினார்.

ஈட்டி. கறிக்கடைக்காரர் கை கழுவுவதையே மறந்துவிட்டார்.

எதிர்ச்சுவரோரம் தையல்கடைப் பொம்மை நின்றது. தலை இல்லை, மேலே ஒரு கோட்டு. டெய்லர் பத்தடி தள்ளி நின்று எறிந்தார். முதல் வீச்சு துணி காயும் கொடியில் மாட்டியது. இரண்டாவதில் கத்தி கழன்று வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து, நூலை இன்னும் இறுக்கி, மூன்றாவது எறிந்தார்.

தொப். நேராக நெஞ்சில்.

ஓடிப்போய் ஈட்டியைப் பிடுங்கினார். கோட்டைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எவ்வளவு ஆழம் எறங்குதுன்னு அளக்குறான்மா" என்றார் கறிக்கடைக்காரர், பின்னால் வந்து நின்ற மகளிடம்.

"டெய்லர் அளக்காம இருப்பாராப்பா?" என்றாள் அவள்.

கோட்டு வீட்டுக்குள் போனது. மெஷின் கடகடத்தது. திரும்பி வந்தபோது பொம்மை ஒரு சுற்றுப் பருத்திருந்தது. மறுபடி ஈட்டி, மறுபடி விரல், மறுபடி மெஷின். வெயில் சாய்வதற்குள் பொம்மைக்குத் தொந்தியே வந்துவிட்டது.

"என் தொந்தி. பாவி, என்னையே உருவாக்கி நிறுத்திட்டான்."

போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தார். டெய்லர் தன் பொம்மையைத் தானே குத்துகிறார் என்று சொன்னால், எழுதுகிற ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

கடைசி வீச்சுக்குப் பிறகு விரலை விட்டுப் பார்த்த டெய்லரின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கம் கறிக்கடைக்காரர் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட ஓடினார். தினம் பத்து ஆடு உரிக்கிற மனிதர்தான். ஆனால் வீட்டுக்குள் ஒரு எலி வந்தால் மனைவியைத்தான் கூப்பிடுவார். இது வெளியே தெரியாது, நமக்குள் இருக்கட்டும்.

மறுநாள் கடை திறக்கவில்லை. "பெட்டியக் கட்டு, உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்" என்று மனைவியிடம் மூன்று தடவை சொன்னார். அந்த அம்மாள் மூன்று தடவையும் "போங்க, நான் வரல" என்றாள்.

"நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கங்கப்பா" என்றாள் மகள்.

"எதுக்கு, கிழியுறதுக்கா?"

பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவருடையது இல்லை, மூன்று பேருடையது.

"ஆள் சேத்துக்கிட்டு வந்திருக்கான்." கறிக்கடைக்காரர் கட்டிலுக்கடியில் நுழையப் பார்த்தார். தொந்தி ஒத்துழைக்கவில்லை. அதற்குள் மகள் கதவைத் திறந்துவிட்டாள்.

டெய்லர் நின்றார். முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது, சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி நெஞ்சு புடைத்திருந்தது. பின்னால் அவர் மனைவியும் மகனும். கறிக்கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிட்டார்.

"ஐயா, இனிமே ஒரு சொட்டுத் தண்ணி அந்தப் பக்கம் வராது. பொந்த இன்னிக்கே அடைச்சிடறேன். அந்த ஈட்டிய மட்டும் எறிஞ்சிடாதீங்க."

பொந்து இன்னும் அடைபடவில்லை, சண்டையும் நிற்கவில்லை. மகள்தான் கல்யாணமாகி வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். அவள் போனில் பேசும்போதெல்லாம், அன்று டெய்லர் வாசலில் நின்று மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னதைச் சொல்லி அப்பாவின் மானத்தை வாங்குகிறாள்:

"பையனுக்குப் பொண்ணு கேட்டு வரணும், நீங்களோ நெஞ்சுல குத்துவேன்னுட்டீங்க. உங்க கை வேகம் எனக்கு வராதேன்னுதான் கத்திய ஈட்டியாக்கி எறிஞ்சு பாத்தேன். இந்தப் பஞ்சுக் கோட்டு தாங்கும், சம்பந்தி."