இரண்டு பேருக்கு ஒரு கூடாரம்

"மனே, இந்தக் கூடாரத்தைக் கடையில திருப்பிக் குடுத்திட்டு, ஆறு பேர் படுக்கிற மாதிரி ஒண்டு வாங்குங்க," என்றார் சீனித்தம்பி.

றொஷான் கூடாரப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "ரெண்டு பேருக்கெண்டுதான் தேடித் தேடி வாங்கினன் மாமா."

"ரெண்டு பேர் போறதெல்லாம் ஒரு பயணமா? அதுக்குப் பேர் கடைக்குப் போறது."

ரொறொன்ரோவிலிருந்து ஆறு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் பியர்பொன்ட்ஸில் சீனித்தம்பி வீட்டு பேஸ்மெண்ட். மேசை மேல் நெவாடா மாநிலத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. பாலைவனமும் மலையுமான அந்த மாநிலத்தில், மலை உச்சியில் ஒளிந்திருந்த ஓர் ஏரியை றொஷான் ஆறு மாதம் தேடிக் கண்டுபிடித்திருந்தான். தூண்டில் போடுவதென்றால் அவனுக்கு உயிர். ஆனால் இந்த முறை மீனைவிட அவன் ஆசைப்பட்டது அமைதிக்கு. சுற்றுவட்டாரத்தில் ஒரு மனித முகம் தெரியக்கூடாது. அவ்வளவுதான் அவன் கேட்டது.

"எங்க போறீங்க மனே?" என்று சீனித்தம்பி கேட்டபோது ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பொடியனுக்கு அது வராது. உண்மையைச் சொன்னான். "நல்ல இடம். நானும் வாறன்," என்றார் அவர். அவர் வந்தால் மனைவி கமலாவதி வராமல் இருப்பாரா? கமலாவதி உடனே போனை எடுத்தார். கால் மணித்தியாலத்தில் பக்கத்துத் தெரு றெனோல்ட், மட்டக்களப்பு வாவியில் மீன் பிடித்த கதைகளோடும் மனைவி அக்னெஸோடும் வந்து இறங்கிவிட்டார்.

சீனித்தம்பியின் மகள் கஜந்தி படிக்கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் உம்மென்று இருந்தது.

இவர்களை எப்படியாவது கழற்றிவிட வேண்டும். றொஷான் தொண்டையைச் செருமினான். "மாமா, அங்க போற வழியில பகலில நாப்பது பாகை வெயில்."

"காண்டாவன வெயிலுக்க பந்தடிச்சவன் நான்."

"ராவில விறைக்கும்."

றெனோல்ட் சிரித்தார். "தம்பி, டவுன்டவுன் கிச்சன் வேலைக்கு மைனஸ் முப்பதில பஸ்ஸுக்கு நிண்டவனுக்கா குளிர் காட்டுறீங்க?"

"எயார்போர்ட்டில இருந்து கார் ஓடவே ஆறு மணித்தியாலம் மாமி."

"இதென்ன தூரம்?" என்றார் கமலாவதி. "ரொறொன்ரோவில ஒரு சாமத்தியவீட்டுக்கு விடிய வெளிக்கிட்டுப் போய், சாப்பிட்டு, போட்டோவுக்கு நிண்டு, அண்டைக்கே திரும்பி வந்த ஆக்கள் நாங்க."

"தேள் இருக்கு."

"அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன்," என்றார் அக்னெஸ்.

"டொய்லெட் இல்ல!"

இதற்குப் பெண்கள் இருவரும் கொஞ்சம் யோசித்தார்கள். றொஷானுக்கு நம்பிக்கை துளிர்த்தது. றெனோல்ட் அதையும் கெடுத்தார். "பத்தைக்குள்ள போறதுக்கு எங்களுக்கு ஆரும் படிப்பிக்க வேணுமா?"

கமலாவதி அதற்குள் ஒரு கொப்பியில் பட்டியல் போடத் தொடங்கியிருந்தார். புட்டுக்குழல், மிளகாய்த்தூள், கொறுக்காய்ப்புளி, தேங்காய் துருவத் திருவலை என்று அது ஏரியை விட நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

றொஷான் சோர்ந்து போனான். வேறு வழியில்லாமல் அந்த ஏரியின் விதிமுறைத் தாளைப் புரட்டினான். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

"மாமா, ஒண்டு சொல்ல மறந்திட்டன். அங்க பிடிக்கிற மீனைத் திருப்பித் தண்ணிக்குள்ள விட்டிர வேணும். அதுதான் சட்டம்."

கமலாவதியின் பேனை கொப்பியில் நின்றது.

"சின்ன மீனைத்தானே?" என்று கேட்டார் சீனித்தம்பி.

"எல்லா மீனையும்."

"பெரியதையுமா?"

"அதையும்தான்."

"மறுகா என்னத்துக்கு மனே பிடிக்கிற?"

"சும்மா ஒரு சந்தோசத்துக்கு. கையில வச்சு ஒரு போட்டோ எடுத்திட்டு விட்டிருவாங்க."

வெயில், குளிர், தேள் ஒன்றுக்கும் அசையாத மனிதர், கதிரையில் பொத்தென்று சரிந்தார். "பிடிச்ச மீனை விடுறதா? நான் பிறந்ததிலிருந்து இப்படியொரு அநியாயம் கேள்விப்படல்ல."

"விசர்ச் சட்டம்," என்றபடி றெனோல்ட் எழுந்துவிட்டார்.

கமலாவதி கொப்பியிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தே விட்டார். "சோத்துக்கு ஒரு மீன் ஆணம் வைக்க ஏலாத இடத்தில எனக்கென்ன வேலை? வாங்க, மேல போய்த் தேத்தண்ணி குடிப்பம்."

நான்கு பேரும் படியேறிப் போனார்கள். றொஷானுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் எதிரே வந்தால் காலில் விழுந்திருப்பான். கூடாரப் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

கஜந்தி எட்டிப் பார்த்தாள். "உண்மையாவே அப்படிச் சட்டம் இருக்கா?"

"சத்தியமா இருக்கு."

அன்று முதல்முறையாக அவள் சிரித்தாள்.

மேலே பிரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தொடர்ந்து கமலாவதியின் குரல், வீடு முழுக்கக் கேட்கும்படி:

"மனே, யோசிக்காதீங்க! வில்லரே மீன்கடையில பத்துக் கிலோ அறக்குளா மீன் வாங்கி ஐஸ்பெட்டியில அடுக்கிக் கொண்டு நாங்க நாலு பேரும் வாறம். கலியாணம் முடிஞ்ச கையோட ஹனிமூன் போற என்ட மகளையும் மருமகனையும் மீன் ஆணம் இல்லாமத் தனியக் கிடக்க விடுவனா?"