மாலை நேர எலக்ட்ரிகல்

"எலக்ட்ரிகலா? என்னைக் கேக்காம அதைப் போடச் சொன்னது யாரு?"

"ஏன் கத்தறீங்க? நாலு வீட்டுக்குக் கேக்குது!" என்றாள் மனைவி.

நாலு அல்ல, ஏழு வீட்டுக்குக் கேட்டது. இருபது வருஷமாக லிஃப்ட் குழிக்குள் நின்று மேல்மாடிக்குக் கத்திப் பழகிய மெக்கானிக்கின் தொண்டை அது.

பாதியில் விட்ட இன்ஜினியரிங்கை முடித்தால்தான் சூப்பர்வைசர் பதவி. இல்லாவிட்டால், நேற்று சேர்ந்தவன் தலைமேல் வந்து உட்காருவான். மாலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மகள் கொண்டுவந்த படிவத்தில் பாடப்பிரிவு உட்பட எல்லாம் நிரப்பியாகிவிட்டது. அவர் கையெழுத்துதான் பாக்கி.

"நான் மெக்கானிக்டி! மெக்கானிகல்தான் படிப்பேன்."

"லிஃப்ட்டுல கயிறு அறுந்துபோச்சுன்னு எத்தனை தடவை ஓடியிருக்கீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல."

"கரண்ட் கோளாறுன்னு?"

மெக்கானிக்கின் சுருதி இறங்கியது. "அது... மாசத்துக்குப் பத்து இருக்கும்."

மகள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "எலக்ட்ரிகல்ல நல்லா சொல்லிக் குடுப்பாங்களாம்ப்பா."

"நீ சும்மா இரு. முதல்ல உனக்கு ஒரு மாப்பிள்ளை அமையட்டும்."

அமைய விட்டால்தானே! வந்த நாலு வரனையும், 'பழகிப் பாக்காம எப்படிப் பொண்ணைக் குடுக்கறது?' என்று திருப்பி அனுப்பிய மகானுபாவர். மகளே யாரையாவது பார்த்துக்கொண்டாலோ, வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது சட்டம்.

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மூன்று வருஷம் தெரு முழுக்க எலக்ட்ரிகல் வாத்தியார் புராணம்தான். "வயசு முப்பதுகூட இல்ல. என்ன பொறுமைங்கறீங்க! ஒரே ஃபியூஸை ஒன்பது தடவை விளக்கினார். மூணு வருஷம் பழகிட்டேன், சொக்கத் தங்கம்!"

டிகிரி கைக்கு வந்த வாரமே ஸ்வீட் பெட்டியுடன் போய், சாரைத் தானே மாப்பிள்ளை கேட்டார். "எதுக்கும் யோசிச்சுச் செய்யுங்க" என்று மனைவி இழுத்தாள். "உங்க இஷ்டம்ப்பா" என்று மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளைக்கு வேறு ஊர்க் கல்லூரியில் வேலை கிடைத்து, இருவரும் அங்கேயே குடிபோனார்கள்.

சூப்பர்வைசர் பதவிக்குக் காகிதங்கள் கேட்டார்கள். பீரோவைக் குடைந்தபோது அந்தப் பழைய விண்ணப்பத்தின் நகல் கிடைத்தது. 'எலக்ட்ரிகல்' என்று எழுதியிருந்த இடத்தை மெக்கானிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

மூன்று வருஷமாக அவர் விடைத்தாள்களைச் சிவப்பு மையில் திருத்திய அதே எழுத்து.