ஆறிப்போன குழாய்

காய்ப்பறிப்பு முடிந்து ஸ்டோரைப் பூட்டியாகிவிட்டது. அப்படியிருந்தும், ஏலக்காய் உலர்த்தும் அந்தக் கட்டடத்திலிருந்து கொட்டுகிற மழையில் புகை வந்தது. எவனோ திருட்டுக் காய் வாட்டுகிறான் என்று கங்காணி பெரியகருப்பனுக்குப் பட்டது. குடையோடு ஓடினார்.

அடுப்புச் சூட்டை உள்ளே கொண்டுபோகும் இரும்புக் குழாயின் மூடியைக் கழற்றி, நீளக் கம்பியால் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான் ஸ்டோர்க் காவல்காரன் காசிராஜன்.

"யாரைக் கேட்டுடா அடுப்பப் பத்த வச்சே?"

"யாரையும் கேக்கலண்ணே. இந்தக் குழாய்ல கரி அடைச்சுக்கிருச்சு. மேக்குப் பக்கம் சில்லுன்னு கெடக்கு." அவன் நிமிரவில்லை.

"உள்ள என்ன இருக்கு?"

"பச்ச..."

அந்த ஒரு சொல் பெரியகருப்பனுக்குப் போதுமாயிருந்தது.

"பச்சைக் காயத் திருடி, மொதலாளி வெறகுல வாட்டுறியா? ஜீப்பு வரட்டும், ஒன்னயப் போடி போலீஸ் ஸ்டேசன்ல விடுறேன்."

"ஜீப்பத்தாண்ணே காலையிலருந்து தேடுறேன். மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக் கெடக்காம்."

பெரியகருப்பன் அவனைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தார்.

காய் பரப்பும் தட்டில், பழைய சேலைக்குள், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை ஒன்று உள்ளங்கை அகலத்தில் கிடந்தது. காசிராஜனின் மனைவி வீரலட்சுமி அதன் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சூடு வரலையேய்யா. பச்ச மண்ணு, தாங்குமா?" என்றாள், வந்தது யாரென்று பாராமலே.

பெரியகருப்பன் சட்டென்று கதவைச் சாத்தினார். மழையில் குடையைப் போட்டுவிட்டுக் குழாயருகே குந்தினார்.

"கம்பியக் கொண்டா. நீ போயி அடுப்பப் பாரு."