ஞாயிறு காலை அணையும் பொத்தான்

"இந்த வாரமும் அணைச்சிருக்கான்!"

லோசனா திரையைத் தட்டிக் காட்டினாள். சவுசவு துறைமுகத்தின் கப்பல் டிக்கெட் கவுண்டரிலிருந்து தலைநகர் சுவாவிலுள்ள இந்த அலுவலகத்துக்கு விற்பனை விவரத்தை இழுத்து வரும் கனெக்டர் மென்பொருள் அது. ஞாயிறு காலை யாரோ அதன் பொத்தானை அணைத்து, மத்தியானம் மறுபடி போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! பக்கத்திலேயே பெயர் இருந்தது. சகியுசா. புதுப் பையன்.

"ரக்பி பார்க்கப் போயிருப்பான். இது ஓடினா தொல்லைன்னு நிறுத்திட்டுப் போறான்," என்று கண்ணடித்தான் பக்கத்து மேசை அபிசாய். "நீதான் அவனை நல்ல பையன், நல்ல பையன்னு தலையில தூக்கி வெச்சே."

அவள் சகியுசாவைக் கூப்பிட்டாள். "ஏன்டா அணைச்சே?"

"சும்மாதான்க்கா." தலையைச் சொறிந்தான்.

"சும்மா அணைக்க இது உங்க வீட்டு விளக்கா?"

சிரித்துக்கொண்டே நழுவிவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அவனுடைய தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. அவனை நிரந்தரம் ஆக்கலாமா என்று மேலாளர் அவளைத்தான் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

'வேண்டாம்னுதான் சொல்லப் போறேன்.'

வெள்ளிக்கிழமை, யாரும் அணைக்க முடியாதபடி அந்தப் பொத்தானைப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு. மெதடிஸ்ட் கோயிலில் லோசனா முதல் வரியை எடுத்துக் கொடுக்க, பாடகர் குழு சேர்ந்து பாடியது. இரண்டாவது வரியில் அவள் பையிலிருந்த போன் அலறியது. அமுக்கினாள். மறுபடி அலறியது. போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முன்வரிசையில் அவள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

வெளியே ஓடிப்போய்ப் பலாமரத்தடியில் நின்று பார்த்தாள். எல்லாம் அந்தக் கனெக்டரின் எச்சரிக்கைகள்; விடுமுறை நாளில் அவை அவள் போனுக்குத்தான் வரும். சவுசவுவில் மழை, லைன் அறுந்து அறுந்து சேர்கிறது. மூன்று மாதமாக ஞாயிறு காலையில் இந்தத் தொல்லையே இல்லை, லைனைச் சரி பண்ணிவிட்டார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள்!

விடுமுறை நாளில் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தபடியே அலுவலகத்துக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"அக்கா, நான் சகியுசா."

"நீயா? இன்னைக்கு உனக்கு வேலையே இல்லையே! அங்க என்னடா பண்றே?"

"எங்க ஏழாம் நாள் சபைக்குச் சனிக்கிழமையோட ஆராதனை முடிஞ்சிரும்க்கா. உங்களுக்கு இன்னைக்குத்தானே? இது ஓடினா, தூறல் விழுந்தாக்கூட உங்க போன்தான் அலறும். அதான் இதை அணைச்சுட்டு, நீங்க கோயில்லேருந்து வர்ற வரைக்கும் நானே கவுண்டருக்குப் போன் போட்டுப் போட்டு விசாரிச்சுக்குவேன். சொன்னா வேண்டாம்பீங்க... இன்னைக்குன்னு பார்த்துப் பொத்தான் அணையவே மாட்டேங்குது. பாட்டு கெட்டுப் போச்சாக்கா?"