சனிக்கிழமை சுவிட்ச்

பாரிஸின் லா சப்பலில் புடவைக்கடை நடத்தும் தயாளினி, விறைப்பாக நிற்கும் வாடிக்கையாளர் எப்போது இறங்கி வருவார் என்று முகத்திலேயே கண்டுபிடிப்பவள். யூதனாக மாறுவதற்கு ஒரு குருவிடம் படித்துவந்த தம்பி சுகந்தனும் இறங்கிவிடுவான் என்றே நம்பினாள். யூதரின் ஓய்வுநாளான சனிக்கிழமை சுவிட்சைத் தொடக்கூடாது என்பவன், வாராவாரம் ஒருதரம் விளக்கைப் போட்டுவிடுவான்.

"உனக்கு இது சரிவராதடா" என்பாள். அவன் சிரிப்பான்.

இந்தச் சனிக்கிழமை மழை மூட்டத்தில் வீடு இருண்டு கிடந்தது.

"இண்டைக்கு லைற் போடேல்லையோ?"

"யூதனாகாதவன் இந்த நாளை முழுசா அனுசரிக்கக்கூடாது அக்கா. இவ்வளவு நாளும் ஒண்டையாவது மீறச் சொன்னது குருதான், அதுதான் லைற் போட்டனான். வியாழக்கிழமை நான் யூதனா மாறிட்டன்."

தயாளினி எழுந்துபோய் தானே சுவிட்சைத் தட்டினாள்.

"உனக்காக இல்லை. எனக்குக் கண் தெரியேல்லை."