முட்டுக்கம்பு

வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து செல்லத்துரை ஆளுயர மூங்கில் கம்பை ஊன்றித்தான் நடந்தார். ஒருநாள் காலையில் கம்பைக் காணவில்லை. கொல்லையில் குலை தள்ளிச் சாய்ந்திருந்த மட்டி வாழைக்கு அது முட்டாக நின்றது.

“ஏட்டி, வேற கம்பே கிடைக்கலியாக்கும்? நான் விழுந்தா?”

“பிடிக்க நான் இருக்கேம்லா. அதுக்கு யாரு இருக்கா?” என்றாள் மனைவி மரியபுஷ்பம்.

அன்று முதல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். “என்ன அண்ணாச்சி, மறுவீட்டுக்கா?” என்று கடைக்காரர் சிரித்தார். செல்லத்துரைக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

தினமும் காய்களின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். விளிம்பு மழுங்கினால் குலை முற்றிவிட்டது என்று அர்த்தம். வெட்டிவிடுவாள், கம்பு திரும்பி வந்துவிடும். கூராகத் தட்டுப்பட்டவரை நிம்மதி.

ஒருநாள் மழுங்கியிருந்தது. மரியபுஷ்பம் குலையை இறக்கினாள், மரத்தையும் வெட்டிச் சாய்த்தாள். கீழே கிடந்த கம்பை எடுத்தாள். செல்லத்துரை மனமில்லாமல் கையை நீட்டினார். அவளோ அதை முழங்கால் உயரமே இருந்த பக்கக்கன்றின் அருகில் ஊன்றி, வாழைநாரால் சேர்த்துக் கட்டினாள்.

“இதுக்கு எதுக்குட்டி முட்டு?”

“காத்தடிக்கும்லா.”

ஓர் இலைகூட அசையவில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவருக்குத் தோள் எட்டும்படி பக்கத்தில் நின்றாள்.