ஆற்றுப்பாலைக் கம்பு

“கம்போட அடிய எதுக்கு நெருப்புல கருக்குறீங்க?” என்று கல்யாணமான புதிதில் வனஸ்ஸா கேட்டாள்.

“இது ஆத்துப்பாலை லா. பச்சையா நட்டா ஈரத்துல வேர் விட்டு மரமாயிடும். அப்புறம் உன் துணியெல்லாம் நிழல்ல எப்படிக் காயும்?” என்று மார்கஸ் சிரித்தான். ஓடையோரம் வெட்டி வந்த கம்பைத் தோட்டத்து லைன் வீட்டுக்குப் பின்னால் நட்டு, துணி காயப்போடக் கயிறு கட்டினான்.

மார்கஸ் இறந்து நாலு வருஷமாகிறது. கம்பு வெளுத்து அப்படியே நின்றது. தேயிலை லோரி ஓட்டும் ஆர்தர், தன் வீட்டுப் பக்கம் வெயிலே இல்லையென்று ஒரு ஞாயிறு ஈரச் சட்டைகளோடு வந்தான். வனஸ்ஸா அவற்றைக் கயிற்றில் போட்டாள். மறுநாள் கம்பு துளிர்த்திருந்தது.

மார்கஸுக்குப் பிடிக்கவில்லையோ என்று அவள் பயந்தாள். மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். கருகிய அடியில் ஒரு வேர்கூட இல்லை. துளிரைக் கிள்ளிப் போட்டாள். ஆர்தரின் சட்டைகள் காய்ந்த வாரமெல்லாம் அது மறுபடி வந்தது. அவன் வராத வாரம் வரவில்லை.

இந்த ஞாயிறு அவள் சர்ச்சில் இருந்தபோது மழை கொட்டியது. ஓடி வந்து பார்த்தாள். கம்பிலிருந்து ஒரு கிளை, இலை அடர்ந்து, கயிற்றின் ஒரு பாதிக்கு மேல் கவிந்திருந்தது. அவள் துணியெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. கிளைக்கு அடியில் தொங்கிய ஆர்தரின் சட்டைகள் மட்டும் காய்ந்திருந்தன.

“என் சட்டையும் போச்சா?” என்று கேட்டபடி ஆர்தர் குடையோடு வந்தான்.

சட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இத்தனை மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் சொன்னாள்.

“இனிமே துணிய மட்டும் கொண்டாராதீங்க. நீங்களும் வந்து இங்கயே இருந்துடுங்க.”